பெருந்தமனி வால்வு: தொண்டையில் தொடங்கும் இதய நோய்

இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு. வெங்காயச் சருகுபோல் மெலிந்த மூன்று இதழ்கள் நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் முறை திறந்து மூடுகின்றன. இதழ்கள் இறுகினால் வாசல் சுருங்கும். சரியாக மூடாவிட்டால் ரத்தம் பின்னோக்கி ஒழுகும்.

முதுமையில் இதழ்களில் சுண்ணாம்பு படிந்து இறுகுவது ஒரு காரணம். நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்கள்தான். அவர்களுக்கு இந்தச் சுருக்கம் முன்கூட்டியே வரும். இன்னொரு காரணம் தடுக்கக்கூடியது: ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றும்போது, அதை எதிர்க்க உருவாகும் எதிர்ப்புச் சக்தி சிலருக்குச் சொந்த வால்வையே தாக்கிவிடுகிறது. தொண்டை வலி ஆறி இரண்டு, மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கும். அது வடிவதற்குள் கணுக்கால் வீங்கும். வளர்கிற பிள்ளைக்கு வரும் வலி என்று இதை விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. மூட்டு தேறிவிடும், வால்வு தேறாமல் போகலாம். இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தழும்பேறும்; பெரும்பாலும் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வும் சேர்ந்தே கெடும். தொண்டைத் தொற்றுக்கு உரிய காலத்தில் பென்சிலின் கொடுத்தால் இவற்றைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் கண்டவருக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல ஆண்டுகள் தொடர வேண்டும்.

வாசல் சுருங்கச் சுருங்க இதயத் தசை தடித்து ஈடுகொடுப்பதால் நோய் வருடக்கணக்கில் வெளியே தெரியாது. தேனி மாவட்டக் கூடலூரிலிருந்து குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவருக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்குவதும் நெஞ்சு அடைப்பதும் வேலைக் களைப்பாகவே படும். நடக்கையில் மயங்கி விழுவது அவசர எச்சரிக்கை. கடுமையான சுருக்கத்தில் இந்த அறிகுறிகள் தோன்றிய பின் வால்வை மாற்றாவிட்டால் பலருக்கு இரண்டு, மூன்று ஆண்டுகளே மிஞ்சும். சுருங்கிய வால்வைத் திறக்க மாத்திரை கிடையாது.

ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் முணுமுணுப்பு ஒலி முதல் துப்பு. எக்கோ பரிசோதனை உறுதி செய்யும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கு ஆலோசனை பெறலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவு உண்டு. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு உரியது. சிகிச்சைக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். குடும்ப அட்டையும் கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) பெற்ற வருமானச் சான்றும் தேவை. நோய் வருமுன்பே காப்பீட்டு அட்டை எடுத்துவைப்பது நல்லது. அட்டை இருந்தும் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கி, 1990-இல் முதன்முதலில் நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு, வெளிநாட்டு வால்வுகளைவிட விலை குறைவு. இத்தகைய செயற்கை வால்வு உள்ளவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுதும் நிறுத்தாமல் சாப்பிட்டு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையும் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். அந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்னரே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.