டிரெய்லர் இழுக்க ஏற்ற டிராக்டர் எது?

டிராக்டர் வாங்க வரும் விவசாயிகளில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். உழவுக்கு அது சரியான கேள்வி. ஆனால் சிறு விவசாயி வாங்கும் டிராக்டர் ஆண்டு முழுவதும் உழுவதில்லை. எரு அடிக்க, விதைக்கரும்பு கொண்டுவர, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு எடுத்துச் செல்ல, கரும்பை ஆலையில் சேர்க்க என்று டிரெய்லரோடு ஓடும் நாட்களே அதிகம். இந்த ஓட்டத்துக்குக் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்கினால் போதாது. டிராக்டரின் எடையையும் பிரேக்கையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இழுக்க எவ்வளவு சக்தி தேவை என்பதை முதலில் பார்ப்போம். நல்ல தார்ச்சாலையில் ஒரு டன் எடையை உருட்டிச் செல்ல ஏறத்தாழ 20 கிலோ இழுவிசை போதும். மண் பாதையில் 50 கிலோ தேவைப்படும். ஈரமான வயலுக்குள் 150 கிலோ அல்லது அதற்கு மேலும் ஆகலாம். டிரெய்லரின் சொந்த எடை ஒன்றரை டன், அதில் ஏற்றிய கரும்பு 5 டன் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஆறரை டன். இதற்குத் தார்ச்சாலையில் 130 கிலோ இழுவிசையே போதும். இருபது அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில்கூட, டிராக்டரின் எடையையும் சேர்த்து 600 கிலோ அளவில்தான் வரும். 40 குதிரைத்திறன் டிராக்டர் இதை மணிக்கு 10, 11 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றிவிடும். ஆகவே, "என் வண்டி ஏழு டன் இழுக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதில் வியப்பில்லை. அவ்வளவு எடையை அந்த வண்டியால் நிறுத்த முடியுமா என்பதையே பார்க்க வேண்டும்.

நிறுத்தும் கணக்கு

சாதாரண டிராக்டரில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. நம்மூர்ப் பட்டறைகளில் செய்யப்படும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. அப்படியானால் எட்டரை டன் எடையுள்ள முழு வண்டியையும் டிராக்டரின் இரண்டு பின்டயர்கள்தாம் தரையைப் பற்றி நிறுத்த வேண்டும்.

2 டன் எடையுள்ள டிராக்டரில் சுமார் 1,300 கிலோ பின்சக்கரங்களின் மேல் இருக்கும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் தன்மேல் உள்ள எடையில் பத்தில் ஆறு பங்கு அளவுக்குப் பற்றும் என்று கொண்டு கணக்கிட்டால் கிடைப்பது இது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தனி டிராக்டர் 4 மீட்டரில் நின்றுவிடும். மேலே சொன்ன டிரெய்லரோடு சமதரையில் 14 மீட்டர் ஓடி நிற்கும். இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கும்போது 25 மீட்டருக்கு மேல் ஓடும். அதே சரிவில் வேகம் 30 கிலோமீட்டராக இருந்தால் 57 மீட்டர். மழையில் நனைந்த சாலையானால், பற்று பத்தில் நான்கு பங்காகக் குறைந்து, 20 கிலோமீட்டர் வேகத்திலேயே 50 மீட்டர் போகும். இவையெல்லாம் பிரேக் மிதித்த பிறகு ஓடும் தூரம். மிதிக்கும்முன் கடக்கும் தூரம் தனி.

குதிரைத்திறன் கூடிய எஞ்சின் இந்தத் தூரத்தைக் குறைக்காது. பின்சக்கரங்களின் மேல் உள்ள எடையும் டிரெய்லரின் பிரேக்கும்தான் குறைக்கும். தஞ்சைப் பக்கத்து விவசாயிகள், "எங்கள் ஊரில் சரிவே இல்லை" என்பார்கள். வாய்க்கால் பாலங்களின் இறக்கத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே, பிரேக் இல்லாத டிரெய்லர் பாரத்தோடு சேர்த்து டிராக்டரின் எடையைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகாமல் இருப்பது நலம். மேடு பள்ளமான தர்மபுரி, தேனி போன்ற பகுதிகளில் டிராக்டரின் எடைக்குச் சமமாக நிறுத்திக்கொள்ளலாம். 2 டன் டிராக்டருக்கு டிரெய்லரும் பாரமும் சேர்ந்து 3 டன்தான் என்று சொன்னால் பலருக்குக் கசப்பாக இருக்கும். அதிகம் ஏற்ற விரும்புகிறவர்கள் கூடுதல் குதிரைத்திறனுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை டிரெய்லருக்குப் பிரேக் வைக்கச் செலவிடலாம். பட்டறைக்காரர் வேண்டாம் என்பார். வற்புறுத்திக் கேட்க வேண்டும்.

எடை கூடினால் சேற்றில் என்ன ஆகும்?

எடையுள்ள டிராக்டர் வேண்டும் என்றதும் நஞ்சை விவசாயிக்கு ஓர் ஐயம் எழும். கனமான டிராக்டர் சேற்றுழவில் புதையும் என்பது உண்மையே. இதற்கு ஒரு வழி உண்டு. எடை குறைந்த டிராக்டரையே வாங்கி, டிரெய்லர் ஓட்டும் பருவத்தில் பின்டயர்களுக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம். 13.6-28 அளவுள்ள டயர் ஒன்றில் ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும். இரண்டுக்கும் சேர்த்து 400 கிலோ எடை, வேண்டிய இடத்திலேயே கூடுகிறது. செலவும் அதிகமில்லை. நடவுப் பருவம் வந்ததும் தண்ணீரை இறக்கிவிடலாம்.

வயலுக்குள்ளிருந்து பாரம் ஏற்றி வெளிவரும்போதும் எடைதான் கை கொடுக்கிறது. ஈர வயலில் ஆறரை டன்னை இழுக்க 1,000 கிலோ இழுவிசை வேண்டும். 1,300 கிலோ எடையுள்ள பின்சக்கரங்களால் அந்த மண்ணில் 600 கிலோ கொடுப்பதே அரிது. எஞ்சினுக்குச் சக்தி மீதம் இருக்கும். சக்கரம் வழுக்கிச் சுழன்று குழி பறிக்கும். பாதிப் பாரத்தோடு வரப்பைத் தாண்டி, மீதியைச் சாலையோரம் ஏற்றிக்கொள்வதே இதற்கு வழி.

சிறு விவசாயிக்கு நான்கு சக்கர டிரெய்லரைவிட இரண்டு சக்கர டிரெய்லரே ஏற்றது என்பது என் கருத்து. அதன் பாரத்தில் ஒரு பகுதி கொக்கியின் வழியாக டிராக்டரின் பின்சக்கரங்களில் இறங்கிப் பற்றைக் கூட்டுகிறது. பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கும்படி அடுக்க வேண்டும். பின்னால் குவித்தால் கொக்கி மேலே தூக்கப்பட்டுப் பற்றுக் குறையும், டிரெய்லர் வாலாட்டும். அளவுக்கு மீறி முன்னால் வைத்தால் டிராக்டரின் முன்சக்கரங்கள் எழும்பி, ஸ்டியரிங் கேட்காது.

டிரெய்லரைத் தாழ்வான டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும். அவசரத்துக்குச் சங்கிலியை மேல் இணைப்பிலோ அச்சிலோ கட்டி இழுப்பவர்கள் உண்டு. அப்போது டிராக்டர் முன்பக்கம் தூக்கிப் பின்னோக்கிக் கவிழ இரண்டு நொடிகூட ஆகாது. ஓட்டுபவர் குதிக்க நேரம் இருக்காது.

வாங்கும் டிராக்டரில் எண்ணெயில் மூழ்கிய டிஸ்க் பிரேக் இருக்கிறதா என்று கேளுங்கள். சேறும் தண்ணீரும் உள்ளே புகாததால் வயலிலிருந்து சாலைக்கு ஏறியதும் இது சரியாகப் பிடிக்கும். வயலில் திரும்புவதற்காக இடம், வலம் என்று தனித்தனியே உள்ள இரண்டு பிரேக் பெடல்களையும் சாலைக்கு வருமுன் பூட்டி இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் பாரவண்டி பக்கவாட்டில் மடங்கும். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது கூடவே கூடாது.

பவர் டில்லர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. டிரெய்லர் பூட்டிய பவர் டில்லர் இறக்கத்தில் தள்ளப்படும்போது, இடக்கைக் கிளட்ச்சை அழுத்தினால் வண்டி வலப்புறம் திரும்பும். சமதரைப் பழக்கத்தில் அழுத்தி வாய்க்காலில் இறங்கியவர்கள் பலர். இறக்கத்தில் கிளட்ச்சைத் தொடாமல் கைப்பிடியால் திருப்புவதே நல்லது.

திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் குடும்பத்தோடு டிரெய்லரில் ஏறிச் செல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 2022 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்று திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். டிரெய்லர் ஆட்களை ஏற்றிச் செல்வதற்கு அன்று. விபத்து நேர்ந்தால் அதில் ஏறியவர்களுக்கு இன்சூரன்ஸ் பணமும் கிடைப்பது அரிது.

விலை பேசும்முன் விற்பனையாளரிடம் டிராக்டரின் எடையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு, வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு ஒரு டிரெய்லரைப் பூட்டி, உங்கள் ஊரில் உள்ள செங்குத்தான பாலத்துக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இறக்கத்தின் நடுவே நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டு இரண்டு நிமிடம் விடுங்கள். ஆட்களை ஒதுங்கி நிற்கச் சொல்லி, சக்கரத்துக்கு ஓர் அடி தள்ளிக் கல் வைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். வண்டி அசைந்தால் அந்தப் பாரத்துக்கு அந்த டிராக்டர் போதாது.