எழினி திறக்கும் சிறு கைகள்: விளையாட்டு நூல்வழிச் செவ்வியல் இலக்கியம்

சில ஆண்டுகளுக்கு முன், நூலகம் ஒன்றில் நடைபெற்ற சிறுவர் வாசிப்பு நிகழ்ச்சியில், தொடக்கநிலை மூன்றில் பயிலும் சிறுமி ஒருத்தியின் அருகே அமர்ந்திருந்தோம். அவள் கையில் சிலப்பதிகாரக் கதையைக் கூறும் படநூல் ஒன்று இருந்தது. பக்கந்தோறும் தூக்கிப் பார்ப்பதற்கான தாள்மடல்கள். ஒன்றன் கீழ்ச் சிலம்பு, மற்றொன்றன் கீழ்ச் செங்கோல். இரண்டே நிமிடங்களில் எல்லா மடல்களையும் திறந்துவிட்டு, "முடிச்சிட்டேன்" என்று நூலை மூடி வைத்தாள். அதில் அச்சிட்டிருந்த ஒரு தொடரைக்கூட அவள் படிக்கவில்லை. படிக்க வேண்டிய தேவையும் அவளுக்கு நேரவில்லை. குறை அவளுடையதன்று. அந்நூலில் விளையாட்டு ஒருபுறமும் மொழி மறுபுறமும் நின்றன. குழந்தை விளையாட்டைத் தேர்ந்துகொண்டது.

செவ்வியல் பாடலையும் நாடகத்தையும் இளம்பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் நூல்கள் பெருகுவது மகிழ்ச்சிக்குரியது. எனினும், அவற்றுட் பல இலக்கியத்தின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் சொல்லைக் கைவிடுகின்றன. வீட்டில் ஆங்கிலமே மிகுதியாகப் புழங்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்குப் பேச்சுத்தமிழ் ஒரு படி, பாடநூல் தமிழ் இன்னொரு படி, சங்கத்தமிழ் அதற்கும் அப்பாலுள்ள படி. அந்த மூன்றாம் படியில் கால் வைக்கப் பத்து வயதுக்குள் ஒரு வாய்ப்பும் கிடைக்காவிடில், பின்னர் அது தேர்வுக்கு மனனஞ்செய்யும் அருஞ்சொற்பொருட் பட்டியலாகவே எஞ்சும். ஆகவே, விளையாட்டு மொழிக்கு உள்ளேயே அமைதல் வேண்டும் என்பது நம் கருத்து. அஃது இயலுமா எனின், தமிழ் அதற்கு மிகவும் இடந்தரும் மொழி.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகவே காண்போம். பழந்தமிழில் உறவுப்பெயர்கள், யாருடைய உறவு என்பதையும் தம்முள் அடக்கியிருந்தன. எந்தை என்றால் என் தந்தை; நுந்தை என்றால் உன் தந்தை; தந்தை என்றால் அவன் அல்லது அவள் தந்தை. அவ்வாறே எம்பி, நும்பி, தம்பி; எங்கை, நுங்கை, தங்கை. தாயைக் குறிக்க யாய், ஞாய், தாய் என மூன்று சொற்கள் வழங்கின. இன்று மூன்றாம் வரிசை மட்டும் பொதுப்பெயராய் நிலைத்துவிட்டது. 'என் தம்பி' என்று இன்று கூறும்போது, சொல்வரலாற்றின்படி 'என்னுடைய அவன்தம்பி' என்றே கூறுகிறோம்! இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தபின் மறக்க மாட்டார்கள்.

இதனை ஒரு சுழல் அட்டையாக்கலாம். வெளிவட்டத்தில் எ, நு, த. உள்வட்டத்தில் தை, பி, கை. இரண்டிற்கும் இடையே ஒரு சிறு சாளரம். அதில் தோன்ற வேண்டிய மெல்லெழுத்தைக் குழந்தையே கண்டுபிடிக்க வேண்டும். தை வந்தால் ந், பி வந்தால் ம், கை வந்தால் ங். விதியை நாம் முன்கூட்டியே சொல்லத் தேவையில்லை. 'எம்தை' என்று விரைந்து சொல்லிப் பார்க்குமாறு கூறினால், நாக்கு தானாகவே பல்லைத் தொட்டு 'எந்தை' என்றாக்கும். இனமெல்லெழுத்து என்னும் இலக்கணத்தைக் குழந்தை தன் வாயினுள்ளேயே காண்கிறது. முப்பதாண்டுகளுக்கு மேல் மொழியியல் கற்பித்த நமக்கும், கரும்பலகையில் அதனை இவ்வளவு தெளிவாக விளக்க இயன்றதில்லை.

அடுத்த பக்கத்தில் குறுந்தொகையின் 40ஆம் பாடலை வைக்கலாம். ஐந்தே அடிகள். யாய், ஞாய், எந்தை, நுந்தை ஆகிய சொற்களை ஏற்கெனவே சுழற்றிப் பார்த்த குழந்தைக்கு அப்பாடலின் முற்பகுதி அந்நியமன்று. ஒருவருக்கொருவர் உறவே இல்லாத இருவர் எவ்வாறு பிரிக்க இயலாதபடி கலந்தனர் என்பதே அதன் வியப்பு. அக்கலப்புக்குச் செம்மண்ணிற் பெய்த மழைநீர் உவமையாகிறது. பாடியவரின் இயற்பெயர் மறைந்து, உவமையே செம்புலப்பெயல்நீரார் எனப் பெயராய் நின்றது. அகப்பாடல் சிறுவர்க்கு ஆகாது என்பார் உளர். களவு, கற்பு என்ற பாகுபாடெல்லாம் அவ்வயதில் வேண்டியதில்லை. அந்நியர் இருவர் ஒன்றாவது குழந்தைக்கு விளங்காத செய்தியா? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் செம்மண்ணுக்கும் பஞ்சமில்லை, மழைக்கும் பஞ்சமில்லை. ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டையும் கலந்து, நீரைத் தனியே பிரித்தெடுக்குமாறு பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கலாம். உரையாசிரியர் செய்யும் பணியிற் பாதியை அக்குவளை செய்துவிடும்.

தூக்குமடல்களையும் நாம் தள்ளவில்லை. அவற்றுக்கென்றே எழுதியதுபோல் ஒரு நாடக இலக்கியம் உண்டு: திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி. குறி சொல்லிவிட்டுத் திரும்பும் சிங்கியின் உடலில் புதிய அணிகலன்களைக் கண்டு, அவை இன்னவென்று அறியாத சிங்கன் ஒவ்வொன்றாகக் கேட்கிறான். காலில் சுற்றிக் கிடப்பது பாம்போ என்று அவன் அஞ்சுகிறான். அது சிலம்பு, குறி சொன்னதற்குப் பரிசாகப் பெற்றது என்கிறாள் அவள். கேள்வியை மடலின் மேலும், விடையை அதன் கீழும் மூலச் சொற்களிலேயே அச்சிட்டால், இரு பிள்ளைகள் சேர்ந்து படித்தாலன்றி விளையாட்டு நகராது. அந்நூலிலேயே வசந்தவல்லி பந்தாடும் பகுதியின் சந்தத்தைப் பொருள் கூறாமல் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டுதல் போதும்.

தொடுதிரை நூல்களைப் பற்றிப் பலர் வினவுகின்றனர். சொல்லைத் தொட்டால் ஒலிப்பு கேட்குமாயின் நன்று. யானையைத் தொட்டால் யானை நடக்குமாயின், பிள்ளை யானையையே தொட்டுக்கொண்டிருக்கும்.

இனி, தாளை மடித்தே ஒரு நாடக அரங்கை எழுப்பும் வழி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய அரங்கின் அளவுகள் அனைத்தும் உள்ளன. 24 விரல் கொண்டது ஒரு கோல். அரங்கின் நீளம் 8 கோல், அகலம் 7 கோல், தரையின் உயரம் 1 கோல், தரைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல், வாயில்கள் இரண்டு. ஒரு கோலுக்கு 2 சென்டிமீட்டர் எனக் கொண்டால், 16க்கு 14 சென்டிமீட்டர் அளவில் தடித்த தாளாலான அரங்கம் மேசைமேல் எழுந்துவிடும். கணக்கு ஆசிரியரும் துணைக்கு வரலாம்.

அங்கே மூவகைத் திரைகள் கூறப்படுகின்றன: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. இப்பெயர்களே செய்முறைக் குறிப்புகள். ஒருமுகம் என்பதால் ஒரு பக்கமிருந்து இழுபடும் ஒற்றைத் திரை. பொருதல் என்பதற்கு எதிர்ப்பட்டு முட்டுதல் என்றும் பொருளுண்டு. ஆகவே இருபுறமிருந்தும் வந்து நடுவில் சந்திக்கும் இரட்டைத் திரை. கரத்தல் என்றால் மறைதல். மேலே மறைந்திருந்து கீழிறங்கும் திரை. பெயரை மட்டும் கொடுத்து, மூன்று தாள்துண்டுகளையும் நூலையும் கையில் தந்து, எது எவ்வாறு அசையும் என்று பிள்ளைகளையே பொருத்தச் சொல்ல வேண்டும். 'கரந்து' என்னும் சொல் புரிந்தாலன்றி மூன்றாம் திரை இறங்காது. அன்று நூலகத்தில் நாம் கண்ட படநூலுக்கும் இதற்குமுள்ள வேறுபாடு இதுவே.

அக்காதையில் இன்னொரு நுண்மையும் உண்டு. தூண்களின் நிழல் அரங்கில் விழாமல் புறத்தே விழுமாறு விளக்கை வைத்தனர் என்று இளங்கோவடிகள் கூறுகிறார். அறையின் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கைவிளக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்து, நிழலை அரங்கிலிருந்து வெளியேற்றுமாறு சொல்லலாம். பத்து நிமிடமாவது ஆகும். முதலில் விளக்கை நேர் எதிரே வைப்பார்கள். தூணின் நிழல் நடுவரங்கில் படியும். பின்னர்ப் பக்கவாட்டில் நகர்த்துவார்கள், மேலே உயர்த்துவார்கள், தங்களுக்குள் வழக்காடுவார்கள். அப்போது ஆசிரியர் அவ்வடியை மெல்லப் படித்துக் காட்டினால், அது அவர்களுக்கு வேண்டிய விடையாகவே காதில் விழும்.

எந்தத் திரையை எந்தக் காட்சிக்குப் பயன்படுத்தினர் என்று அப்பகுதி வரையறுக்கவில்லை. அதனைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். மாதவி அரங்கில் நுழையும்போது விலக வேண்டியது எத்திரை என்று கேட்டால், பெரும்பாலோர் மேலிருந்து இறங்குவதையே விரும்புவர். ஏன் என்று வினவி, விடையைத் தமிழிற் கூறச் செய்தல் ஆசிரியரின் வேலை.