சத்தியம் வாங்காதீர்கள், கூட இருங்கள்

ஆரணியில் பட்டு நெசவுக் குடும்பங்கள் பலவற்றுக்கு வீடும் தொழிற்கூடமும் ஒன்றுதான். முன்கட்டில் தறி ஓடும், பக்கத்தில் ஒருவர் தார் சுற்றுவார், பள்ளி விட்டு வந்த பிள்ளை அங்கேயே பாடம் படிக்கும். நாள் முழுதும் கண்ணெதிரே இருக்கும் பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது எப்படித் தெரியாமல் போகும்? பல வீடுகளில் கண்ணில் படத்தான் செய்கிறது. ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

அக்னி நட்சத்திர வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பையன். "தறியில பட்டுடுச்சு" என்று ஒரு நாள், "பூனை கீறிடுச்சு" என்று மறுநாள் சொல்லும் பெண். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் காயம். விசேஷ வீடுகளுக்கு வர மறுப்பு, சாப்பாட்டிலும் தூக்கத்திலும் மாற்றம். இவற்றில் ஒன்று மட்டும் என்றால் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் தனியாக உட்காரவைத்து, நிதானமாகக் கேட்டுவிட வேண்டும்.

"கவனிக்கணும்னு பண்றா", "கொழுப்பு" என்பதெல்லாம் அவசரத் தீர்ப்பு. தாங்க முடியாத வேதனை சற்று நேரமாவது அடங்கட்டும் என்றுதான் பலரும் இதைச் செய்கிறார்கள். அதற்காக, சாகும் எண்ணம் இருக்காது என்று நாமாக முடிவுகட்டவும் கூடாது. இவர்களுக்குப் பிற்காலத்தில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். "செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

விஷயம் தெரிந்த அன்று அப்பா கை ஓங்குவார். அம்மா அழுதுகொண்டே, "என் தலைமேல கை வச்சு சத்தியம் பண்ணு" என்பார். அடியைவிட இந்தச் சத்தியம் பெரிய இடைஞ்சல் என்பேன். பழக்கம் ஒரே நாளில் விடாது. மறுபடி ஒருமுறை நேர்ந்தால், சத்தியத்தை மீறிய குற்றவுணர்வும் சேர்ந்து, பிள்ளை இன்னும் கவனமாக ஒளிக்கக் கற்றுக்கொள்ளும். அன்றைக்கு "சொன்னது நல்லதாப் போச்சு, சேர்ந்து பார்ப்போம்" என்ற ஒரு வாக்கியம் போதும். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் விசாரிப்பதுதான் கடினம்.

அந்த விசாரிப்புக்கு என்ன பலன்? உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. சென்னையும் கொழும்பும் அதில் உண்டு. தற்கொலைக்கு முயன்று சிகிச்சைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேர ஆலோசனையும், 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரிப்பும். தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம். ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர், 1986இல் சென்னையில் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும், நாளைக்குக் கல்யாணப் பேச்சு தடைபடும் என்று மருத்துவமனைக்குப் போகத் தயங்குபவர்கள் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு.

காயம் ஆழமாக இருந்தாலோ, சாகப் போவதாகச் சொன்னாலோ தனியே விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற இலவச எண் எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104, சிநேகாவின் 044-24640050 எண்களையும் அழைக்கலாம். பிள்ளைக்காகப் பெற்றோரும் பேசலாம்.