இழந்த சொல் மீளும் வழி: பக்கவாதத்துக்குப் பின் மூளையும் மொழியும்

பக்கவாதம் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவன செயலற்றுத் தொங்கும் கையும் இழுத்து நடக்கும் காலுமே. ஆயின், பக்கவாதத்துக்கு ஆளானோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கு மொழியும் ஊறுபடுகிறது. மருத்துவர் இதனை அஃபேசியா என்பர். நாம் இங்கு மொழியிழப்பு என வழங்குவோம். நாக்கும் உதடும் வலுவிழந்து பேச்சு குழறுவது வேறு. அது ஒலிப்புறுப்புகளின் குறை. மொழியிழப்பிலோ உறுப்புகள் செம்மையாக இருந்தாலும் வேண்டிய சொல் அகப்படுவதில்லை. அல்லது காதில் விழுந்த சொல்லின் பொருள் விளங்குவதில்லை. இவ்விரண்டையும் அறிவிழப்பு எனக் கொள்ளுதல் தவறு. இதனை முதற்கண் கூறுவதற்குக் காரணம் உண்டு. பேச இயலாத பெரியவர் எதிரே அமர்ந்திருக்க, அவரைப் படர்க்கையில் வைத்துப் பேசும் வழக்கம் நம் வீடுகளில் மிகுதி.

பாரிசு நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் 1861-ஆம் ஆண்டு பால் புரோக்கா என்னும் அறுவை மருத்துவர் கண்ட நோயாளியை மொழியியல் மாணவர் அனைவரும் அறிவர். லெபோர்ன் என்னும் பெயருடைய அவர் 'தான்' என்ற ஓரசையையே எதற்கும் விடையாகத் தந்தார். சினம் மிகும்போது மட்டும் ஒரு வசைத்தொடர் வெளிப்படும். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த புரோக்கா, இடப்பக்க முன்மடலில் சிதைவைக் கண்டார். பாடநூல்கள் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. நமக்கு அதனினும் முதன்மையாகத் தோன்றுவது புரோக்காவின் மற்றொரு குறிப்பு. மருத்துவமனைக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என வினவியபோது, லெபோர்ன் தம் கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பின் ஒரு விரலை உயர்த்தினார். 21 ஆண்டுகள் என்பது சரியான விடை. சொல் போயிருந்தது, கணக்குப் போகவில்லை.

இனி மூளைக்குள் நிகழ்வதைக் காண்போம். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. பெரிய குருதிக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடந்தோறும் சராசரியாக 19 இலட்சம் நரம்பணுக்கள் அழியும் என மதிப்பிட்டுள்ளனர். அழிந்த பகுதியைச் சூழ்ந்து, குருதி குறைந்தும் உயிர் நீங்காத ஒரு விளிம்பு இருக்கும். விரைந்து மருத்துவமனை சேர்வதன் பயன் அவ்விளிம்பைக் காப்பதே. அதற்கு அப்பாலும் ஒரு விளைவு உண்டு. சிதைந்த பகுதியோடு தொடர்புடைய, தாம் சிதையாத தொலைப்பகுதிகளும் சில காலம் ஓய்ந்துவிடும். இதனை 1914-இல் விளக்கியவர் கான்ஸ்டன்டின் ஃபான் மொனாகோவ். தொடக்க வாரங்களில் தானே வந்ததுபோல் தோன்றும் முன்னேற்றத்தில் ஒரு பகுதி, இந்த ஓய்வு நீங்குவதால் வருவது.

அதன்பின் நிகழ்வது வேறு வகை. இறந்த அணுக்கள் மீள்வதில்லை; எஞ்சியவை தம்முள் தொடர்புகளை மாற்றியமைத்துப் பழைய பணியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஜெர்மனியில் 14 நோயாளிகளை ஓராண்டளவில் மூன்று முறை படம்பிடித்து ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவு இங்குக் குறிப்பிடத்தக்கது. முதற் சில நாள்களில் இடப்பக்க மொழிப்பகுதிகளின் இயக்கம் மிகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ இரு வாரங்களில் இயக்கம் பெருகியது. வலப்பக்கத்தில் அவற்றுக்கு நிகரான பகுதிகளும் சேர்ந்து இயங்கின. ஓராண்டளவில் இயக்கத்தின் உச்சம் மீண்டும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் இடையில் வந்து தோள்கொடுத்தது என்று கொள்ளலாம். எல்லா நோயாளிக்கும் இவ்வாறே நிகழும் என்பதில்லை. இடப்பக்கச் சிதைவு பெரிதாயின் வலப்பக்கமே நெடுங்காலம் சுமக்க நேரும்.

இம்மாற்றத்தை வழிப்படுத்துவது பயன்பாடு. செயலிழந்த கையை மீட்கும் ஒரு பயிற்சியில் நல்ல கைக்கு உறையிட்டு அதனைத் தடுத்துவிடுவர். எட்வர்ட் டாப் என்னும் உளவியலார் வகுத்த முறை இது. நல்ல கையே எல்லாவற்றையும் செய்தால், மற்றது இயலாமையால் மட்டுமன்றிப் பழக்கத்தாலும் ஓய்ந்துபோகும் என்பது அவர் கண்ட உண்மை. இதே கருத்தை 2001-இல் ஃபிரீடெமான் புல்வர்முல்லர் குழுவினர் மொழிக்குப் பொருத்தினர். நோயாளிகள் சீட்டாட்டம் ஒன்றை ஆடுவர்; ஒருவர் சீட்டை மற்றவர் காணாதவாறு நடுவே தடுப்பு இருக்கும். சுட்டிக் காட்ட வழியில்லாமையால் வேண்டிய சீட்டை வாயால் கேட்டே ஆக வேண்டும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பத்து நாள் நடந்த இப்பயிற்சியில், நோயுற்றுப் பல ஆண்டுகள் ஆனவர்களும் முன்னேறினர். ஆறு மாதத்தோடு மீட்சி முடிந்துவிடும் எனப் பலர் சொல்லக் கேட்கிறோம். அதனை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

பயன்பாடே மூளையை மாற்றும் என்றால், எந்த மொழியின் பயன்பாடு என்னும் வினா எழுகிறது. ஒருவரே இரண்டு மூன்று மொழிகளில் வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதனை ஒதுக்க இயலாது. முதலில் கற்ற மொழியே தாங்கி நிற்கும் என்பது 1881-இல் ரிபோ கூறியதிலிருந்து பெறப்பட்ட கொள்கை. நோயுறுங்காலத்தில் மிகுதியாகப் புழங்கிய மொழியே முந்தி மீளும் என்றார் பித்ர், 1895-இல். இரண்டுக்கும் சான்றுண்டு, இரண்டையும் மறுக்கும் சான்றுகளும் உண்டு. பெரும்பாலோர்க்கு மொழிகள் இணையாகவே மீள்கின்றன. விந்தையான நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. பிரெஞ்சும் அரபும் அறிந்த கன்னித்துறவி ஒருவர், மொராக்கோவில் நேர்ந்த விபத்தில் தலையில் அடிபட்டபின், ஒரு நாள் அரபில் பேச இயன்று பிரெஞ்சில் தடுமாறினார். மறுநாள் நிலை மாறியது. இதனை 1982-இல் விவரித்தவர்களுள் ஒருவரான மிஷேல் பாரடி, பன்மொழியாளரை அவர் அறிந்த ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என வற்புறுத்தியவர். வீட்டில் தமிழே பேசிய மூதாட்டியை ஆங்கிலத்தில் மட்டும் வினவி மதிப்பெண் இட்டால், நோய் எவ்வளவு, முன்பே அறியாதது எவ்வளவு எனப் பிரித்தறிவது எவ்வாறு?

தமிழில் சோதிப்பதென்பது ஆங்கிலத் தாளைத் தமிழாக்குவது மட்டுமன்று. புரோக்கா வகை மொழியிழப்பில் இலக்கணக் கூறுகள் உதிரும் என்பது பொதுவிதி. ஆங்கில வினையில் விகுதி உதிர்ந்தாலும் எஞ்சுவது பெரும்பாலும் வாக்கியத்துக்கு ஊறு செய்யாத வடிவமே. தமிழில் 'சாப்பிட்டேன்' என்பதன் இடைநிலையும் விகுதியும் உதிர்ந்தால் எஞ்சுவது 'சாப்பிடு' என்னும் ஏவல்! 'வாங்க' என்பதில் '-ங்க' உதிர்ந்தால் 'வா' என்றாகும். மருமகனை ஒருநாளும் ஒருமையில் அழைத்தறியாத மாமியார் இப்படிக் கூறினால், அது சினமா நோயா எனக் குடும்பம் திகைக்கும். மரியாதை மறந்துவிட்டதாக நாம் வருந்த வேண்டியதில்லை. வீழ்ந்தது ஒரு விகுதியாக இருக்கலாம். பெயர்ச்சொல்லில் நிலைமை வேறு. வேற்றுமையுருபு உதிர்ந்த 'கடை', 'மீன்' என்பன தாமே நிறைவான சொற்கள். ஆதலால் 'நான்... கடை... மீன்' என்பவர் கடைக்குச் சென்றதையோ மீன் வாங்கியதையோ கூற முயல்கிறார் எனக் கேட்போர் ஊகித்துவிடலாம். தமிழ்ப் பயிற்சி வினைமுற்றில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும் என்பது நம் கருத்து.

மற்றொன்று, தமிழின் இரட்டை வழக்கு. நோயாளி இழந்ததும் மீட்க வேண்டியதும் முதலில் பேச்சுத்தமிழே. 'அவர்கள் வந்துகொண்டிருக்கின்றனர்' என்னும் தொடரைத் திருப்பிச் சொல்லுமாறு கேட்பது, வாழ்நாளில் எவரும் அடுக்களையில் சொல்லாத ஒன்றைக் கேட்பதாகும். 'வந்துக்கிட்டிருக்காங்க' என்பதே உரிய தொடர். சந்தைப் படத்தைக் கண்டு மலேசியத் தமிழர் ஒருவர் 'பசார்' என்றால் அது பிழையன்று. அவர் சொல்வளத்தில் உள்ளது அது. பள்ளியில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரலாமா என வாதிட்ட நம் ஆசிரியர்கள், மருத்துவமனையில் அவ்வாதத்துக்கு இடமே இல்லை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

தம் பெயரைக் கூற இயலாதவர் ஒன்று முதல் பத்து வரை தடையின்றி எண்ணுவார். இளமையில் உருப்போட்ட ஆத்திசூடியையோ பழைய திரைப்பாடலையோ சொல்லிவிடுவார். இவை தொடராகவே உறைந்தவை. பெரிதும் வலப்பக்க மூளையையும் ஆழ்பகுதிகளையும் சார்ந்தவை எனக் கருதுகின்றனர். இசையொழுக்கோடு சொற்களைப் பயிற்றும் முறை 1973 முதல் வழக்கில் உள்ளது. எனினும் பாட்டு வந்துவிட்டதால் பேச்சும் வந்துவிடும் என எதிர்பார்ப்பது ஏமாற்றத்தில் முடியும். பாட்டிலிருந்து 'தண்ணி வேணும்' என்னும் சிறு தொடரின் தாளத்துக்கும், அதிலிருந்து இயல்பான பேச்சுக்கும் படிப்படியாக இறங்கி வர வேண்டும்.

சிகிச்சையாளர் வாரத்தில் சில மணி நேரமே கிடைப்பார். எஞ்சிய நேரம் வீட்டாருடையது. ஒரு வினா கேட்டபின் விடைக்குக் காத்திருத்தல், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுதல், தொலைக்காட்சியை நிறுத்துதல், தேநீரா காப்பியா என இரண்டையும் காட்டிக் கேட்டல் ஆகியவற்றைப் பேரப்பிள்ளைகளும் செய்யலாம். அவர்கள் குடும்பப் படத்தொகுப்பை மடியில் விரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெரியவர் வழக்கமாக அழைக்கும் முறைப்பெயரை, அவர் சொல்லும் ஒலிப்பிலேயே, அடியில் எழுதி வைக்கட்டும்: சித்தி, அத்தை, பெரியண்ணே.