உடன்படிக்கையாளர் உற்ற துன்பம்

இறைவழிபாட்டின் முறையை வகுக்கும் உரிமை அரசனுக்கு உண்டோ? பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காத்லாந்து நாட்டுச் சிற்றூர் மக்கள் இவ்வினாவின் பொருட்டு அடைந்த இன்னல்கள் பல.

அந்நாட்டவருட் பெரும்பாலோர் மூப்பர் அவைகளால் ஆளப்படும் திருச்சபையையே விழைந்தனர். பிரெஸ்பிட்டேரியன் என்னும் பெயரும் அதனாலாயது. மன்னன் முதலாம் சார்லஸ் வழிபாட்டு முறையை மாற்ற முயன்றபொழுது, அவர்கள் 1638இல் எடின்பரோ நகரில் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டு, உடன்படிக்கையாளர் எனப் பெயர் பெற்றனர்.

நிற்க. 1660இல் மீண்டும் அரசெய்திய இரண்டாம் சார்லஸ், 1662இல் அத்தியட்சர் ஆட்சியை நிறுவினான். அத்தியட்சரின் ஒப்புதல் பெற மறுத்த போதகர் 250க்கு மேற்பட்டோர் தம் சேகரங்களை இழந்தனர். தென்மேற்குச் சிற்றூர்களில் புதிய குருமாரின் ஆலயங்கள் வெறிச்சோடின. ஆலயம் வாராதார்க்கு 1663ஆம் ஆண்டுச் சட்டம் தண்டம் விதித்தது. வாராதார் பெயரைக் குருவே எழுதிக் கொடுப்பார். தண்டம் செலுத்துமளவும் படைவீரர் அவர் வீட்டிற் றங்கித் தானியத்தை உண்டழிப்பர். நிலக்கிழாரும் தம் குடிகளுக்காகப் பிணைநிற்குமாறு நெருக்கப்பட்டனர். இங்ஙனம் ஊரைக் காக்க வேண்டியவரே ஊரைக் காட்டிக்கொடுக்கும் நிலை எய்தினர்.

மக்களோ குன்றுகளிற் காவல் நிறுத்திப் புல்வெளிகளிற் கூடித் தம் பழைய போதகரின் அருளுரை கேட்டனர். அவ்வாறு வெளியிற் போதிப்பார்க்கு 1670இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1679இல் அவர்கள் படைக்கலமேந்திப் பாத்வெல் பாலத்தருகே தோற்றனர். அரசு கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுப்பாரை இரு சான்றினர் முன் சுட்டுக் கொல்லலாம் என 1684இல் ஆணை பிறந்தது. மறு ஆண்டு மே மாதத்தில் ஜான் பிரவுன் என்னும் எளிய குடியானவன் அங்ஙனமே சுடப்பட்டான். அதே மாதத்தில், விக்டன் என்னும் ஊரில், நம்மனோர் வயதினளாகிய மார்கரெட் வில்சன் கடலோரக் கம்பத்திற் பிணிக்கப்பட்டு, ஏறிவரும் நீரில் மூழ்கி மாய்ந்தாள் எனப் பிற்காலத்துச் சபைக் குறிப்பேடு கூறும்.

ஆயினும் நடுநிலையாளர் மறத்தற்கில்லாதன சில உள. அதிகாரம் தம் கைப்பட்டிருந்த 1640இல், யாவரும் உடன்படிக்கையை ஏற்கவேண்டுமெனச் சட்டஞ் செய்தவர் இவ்வுடன்படிக்கையாளரே. தலைமை அத்தியட்சர் ஷார்ப்பை 1679இல் வழிமறித்துக் கொன்றோரும் அவருட் சிலரே. 1690இல் மூப்பர் ஆட்சி நிலைபெற்ற காலை, அத்தியட்சர் சார்பினரான குருமார் பலர் தம் சேகரங்களினின்று வெளியேற்றப்பட்டனர்.

தமக்கென உரிமை வேண்டி உயிர் துறத்தல் அரிது. அவ்வுரிமையைத் தம்மொடு மாறுபட்டார்க்கும் நல்குதல் அதனினும் அரிது. அவர்தம் வரலாற்றில் நாம் கற்கத்தக்கது இதுவே.