வீட்டுச் சோதனை அறிக்கையைப் படிப்பது எப்படி?

குளுவாங், கூலாய் போன்ற பட்டணங்களில் முதன்முறையாக ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட எண்ணும் தோட்டத் தொழிலாளர், கட்டடப் பரிசோதகர் தரும் அறிக்கையைக் கருத்துடன் படித்தல் வேண்டும். அதில் காணும் குறைகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சாயம் மங்குதல், பூச்சு உதிர்தல் ஆகியன சிறு செலவில் தீரும். சுவரில் சாய்வாக ஓடும் அகன்ற வெடிப்பு, கூரை ஒழுக்கு, உத்தரத்தில் கரையான், பழுதுற்ற மின்கம்பி ஆகியனவோ பல மாத வாடகையை விழுங்கிவிடும்.

மேம்பாட்டாளரிடம் வாங்கும் புதிய வீடாயின், 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒப்பந்தம் துணை நிற்கிறது. வீடு ஒப்படைக்கப்பட்டதிலிருந்து 24 மாதங்களுக்குள் தோன்றும் கட்டுமானக் குறைகளை எழுத்து மூலம் அறிவித்தால், 30 நாள்களுக்குள் மேம்பாட்டாளர் தம் செலவில் சீர்செய்தல் வேண்டும். அக்காலம் கடந்த பழைய வீட்டுக்கு இப்பாதுகாப்பு இல்லை. ஆகவே, கையெழுத்திடுமுன் அறிக்கையைக் காட்டி விலையைக் குறைக்கக் கோருங்கள். பின்னர் நேரும் செலவு வாங்கியவருடையதே.