அரட்டை அறைக்கும் ஒரு வரலாறு உண்டு

ராஜீவ் காந்தி சாலையில் நாவலூரைக் கடந்தால் சிறுசேரி சிப்காட். டிசிஎஸ்ஸின் பெரிய வளாகமும், 2005 முதல் இங்கே இயங்கும் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டும் இந்த ஊருக்கு முகவரி தந்தவை. இப்போது சிஃபி, ஈக்வினிக்ஸ் போன்ற நிறுவனங்களின் தரவு மையங்களும் சேர்ந்துவிட்டன. கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால், நாட்டின் வங்கிக் கணக்குகளும் வணிகப் பதிவுகளும் இந்தப் பக்கம் வந்து குவிகின்றன. ஆனால் இதே வட்டாரத்து மக்கள் இணையத்தில் தங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சு எங்கே இருக்கிறது?

2015 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது, படகு எதுவரை வரும், பால் எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் மக்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சொல்லிக்கொண்டார்கள். அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்பது அரசுப் பதிவேட்டில் இருக்கும். ஒரு தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர் புகுந்தது என்பதற்கு அந்தக் குழுக்களே சாட்சி. வாட்ஸ்அப்பில் செய்தி போய்ச் சேர்ந்த பிறகு அது சர்வரில் தங்குவதில்லை, அவரவர் போனில்தான் இருக்கும். வெள்ளத்தில் நனைந்து செத்த போன்களோடும், பேக்கப் எடுக்காமல் மாற்றிய போன்களோடும் அந்தச் சாட்சியும் போயிருக்கும்.

பேச்சைக் காப்பாற்றுவது பெரிய நிறுவனங்களின் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. யாஹூ தன் பொது அரட்டை அறைகளை 2012-ல் மூடியது, மெசஞ்சரை 2018-ல் நிறுத்தியது. ஆர்குட் 2014-ல் போனது. தமிழர்கள் லட்சக்கணக்கான இரவுகளைக் கழித்த இடங்கள் இவை. ஆகவே, சிறு குழுக்கள் தாங்களே நடத்தும் அரட்டை வலையமைப்புகளைப் பற்றியும், அவற்றின் பேச்சைக் காக்கும் முறையைப் பற்றியும் நாம் அக்கறையோடு பேச வேண்டும்.

ஊலுவில் தொடங்கியது

ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் 1988 ஆகஸ்டில் ஐஆர்சி என்ற அரட்டை முறையை எழுதினார். பல சர்வர்கள் மரக்கிளைகள்போல ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒன்றில் தட்டியது மற்ற எல்லாவற்றிலும் தெரியும். வழியில் ஓர் இணைப்பு அறுந்தால் அறை இரண்டாகப் பிளந்துவிடும். இதை நெட்ஸ்ப்ளிட் என்பார்கள். இரு பாதியிலும் பேச்சு தனித்தனியாகத் தொடரும், இணைப்பு திரும்பியதும் ஆட்கள் மறுபடி ஒரே அறையில் தெரிவார்கள். நடுவில் பேசியது மட்டும் மற்றவர் பக்கம் வராது.

ஐஆர்சி சர்வர் பழைய பேச்சைச் சேமிப்பதுமில்லை. வந்ததைக் கைமாற்றிவிட்டு மறந்துவிடும். அறையில் இருந்த ஒருவர் தன் கணினியில் லாக், அதாவது பேச்சின் பதிவு, எடுத்திருந்தால் மட்டுமே வரலாறு உண்டு. 1991 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, ஊடகங்கள் முடக்கப்பட்ட நிலையில் ஐஆர்சி வழியே செய்திகள் வெளியேறின. யாரோ சிலர் அந்த லாக்குகளைச் சேமித்தார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஐபிப்ளியோ காப்பகத்தில் இருப்பதால்தான் அவற்றை நம்மால் படிக்க முடிகிறது.

நம் ஊர்க் குழுக்கள்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் வழியே வந்தது. அதன் பிறகு வளர்ந்த லினக்ஸ் குழுக்களுக்கு ஐஆர்சி அறையே திண்ணையாக இருந்தது. ஐஐடி மெட்ராஸில் மாதக் கூட்டம் நடத்திவந்த சென்னை லினக்ஸ் பயனர் குழுவுக்கு ஃப்ரீநோட் வலையமைப்பில் ஓர் அறை இருந்தது.

வரலாற்றைக் காப்பதில் நமக்கு முன்மாதிரி துர்காபூர் லினக்ஸ் பயனர் குழு. குஷால் தாஸ் தொடங்கிய அந்தக் குழு 2008 முதல் ஐஆர்சி அறையிலேயே கோடைப் பயிற்சி வகுப்புகளை நடத்தியது. கேள்வி கேட்க விரும்பும் மாணவர் ஓர் ஆச்சரியக்குறியைத் தட்டிவிட்டுத் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காணொளி இல்லை, ஒலி இல்லை, எழுத்து மட்டுமே. மெதுவான இணைப்புள்ள சிற்றூர் மாணவரும் வகுப்பில் சமமாக உட்கார முடிந்தது. வகுப்பு முடிந்ததும் அதன் முழுப் பதிவையும் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். வகுப்பைத் தவறவிட்டவரும், அடுத்த ஆண்டு வருபவரும் படித்துக்கொள்ளலாம்.

2021-ல் வந்த சோதனை இந்த ஏற்பாட்டின் அருமையை உணர்த்தியது. ஃப்ரீநோட்டின் உரிமை தொடர்பான சண்டையில் தன்னார்வ நிர்வாகிகள் கூட்டமாக விலகி, மே 19 அன்று லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே ஃப்ரீநோட் மென்பொருளை மாற்றியது. பல ஆண்டுகளாகப் பதிவு செய்திருந்த பயனர் பெயர்களும் அறை உரிமைகளும் ஒரேயடியாக அழிந்தன. தங்கள் லாக்குகளைத் தனியே வைத்திருந்த குழுக்கள் வரலாற்றோடு குடிபெயர்ந்தன. மற்றவர்களுக்கு நினைவு மட்டும் மிஞ்சியது.

நடத்துவதன் பாரம்

ஐஆர்சி சர்வருக்குச் செலவு குறைவு, மிகச் சிறிய கணினி போதும். பெரிய செலவு மனித உழைப்புதான். நள்ளிரவில் குப்பைச் செய்தி அனுப்புபவரைத் தடுக்க வேண்டும், பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்ய வேண்டும், டொமைன் பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். குடிமராமத்தில் ஊரே மண்வெட்டியோடு ஏரிக்கரைக்கு வந்ததுபோலப் பலர் பங்கெடுத்தால்தான் இது நிலைக்கும். ஒரே அட்மினை நம்பிய வலையமைப்பு, அவருக்கு வேலை மாறினால் அல்லது உடல்நலம் கெட்டால் அன்றே நின்றுவிடும்.

2014-ல் வந்த மேட்ரிக்ஸ் நெறிமுறையில் நிலைமை வேறு. அறையின் வரலாறு, அதில் பங்கேற்கும் சர்வர்கள் எல்லாவற்றிலும் படியாகிறது. ஒரு சர்வர் மூடினாலும் பேச்சு பிழைக்கும். ஆனால் தரவுத்தளம் நாளுக்கு நாள் பெருகும். வட்டு நிறையும்போது பழையதை அழிக்கும் ஆசை வரும். நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2023 மே மாதம் மத்திய அரசு தடை செய்த 14 செய்திச் செயலிகளில், மேட்ரிக்ஸின் எலிமென்ட் செயலியும் ஒன்று. நெறிமுறை பொதுவுடைமையாக இருப்பதால், வேறொரு செயலி வழியே அதே அறைக்குள் நுழைய வழி இருக்கிறது. எனவே திறந்த நெறிமுறையைத் தேர்ந்தெடுப்பதும் வரலாற்றைக் காக்கும் செயலே.

எப்படிக் காப்பது?

முதலில், சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். குறிப்பிட்ட மென்பொருளில் மட்டும் திறக்கும் வடிவம் வேண்டாம். தமிழில் இந்தப் பாடத்தை நாம் கடினமாகக் கற்றோம். யூனிகோடு பரவும் முன் திஸ்கி, டாப், டாம் ஆகிய குறியாக்கங்களில் எழுதியவை இன்று மாற்றி இல்லாமல் கிறுக்கலாகத் தெரிகின்றன. அந்நாளைய அரட்டையில் பெரும்பகுதி ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றித் ‘திருத்த’க் கூடாது. மக்கள் அன்று எப்படி எழுதினார்கள் என்பதும் வரலாறுதான். தேடுவதற்கு வசதியாகத் தமிழ் எழுத்துப் படியை அருகில் தனியாக வைக்கலாம்.

நெட்ஸ்ப்ளிட் நடந்திருந்தால் இரு பக்க லாக்குகளையும் சேர்த்து வைக்க வேண்டும். அயல்நாட்டுத் தமிழர் கலந்த அறை என்றால், நேரம் எந்த நாட்டு நேரம் என்பதைக் குறிக்க வேண்டும். படிகள் வெவ்வேறு ஊர்களில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பேக்கப்பை உண்மையிலேயே திறந்து மீட்டுப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது ஒப்புதல். திண்ணைப் பேச்சு என்று நம்பி மனம் திறந்தவரின் சொற்களைக் கேட்காமல் வெளியிடுவது துரோகம். பதிவு நடக்கிறது என்பதை அறையின் தலைப்பிலேயே எழுத வேண்டும், பதிவில்லாத ஓர் அறையும் இருக்க வேண்டும். ‘என் வரிகளை நீக்குங்கள்’ என்று கேட்டால் செவிசாய்க்க வேண்டும். உடனே வெளியிட முடியாததை மூடிய பெட்டியாகப் பல ஆண்டுகள் வைத்திருக்கலாம், அழிக்கத் தேவையில்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய நெறிகளைப் பின்பற்றும் ஆவணக் காப்புக்கு இடம் தருகிறது.

சிறுசேரிக்கு வடக்கே, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் நோட்டீஸ்களுமே அதன் அடித்தளம். பிறர் காகிதக் குப்பை என்று எண்ணியவற்றையும் அவர் எடுத்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு, சேகரிப்பை ஏற்க ஒரு நிறுவனம் 1994-ல் உருவானதால் அது பிழைத்தது. சேர்ப்பவர், ஏற்பவர் என இருவரும் வேண்டும்.

இணையப் பேச்சுக்கும் இந்த இருவர் தேவை. அடுக்ககக் குழுவோ, லினக்ஸ் அறையோ, பழைய மாணவர் வட்டமோ, தொடங்கும் நாளிலேயே ஆவணக் காப்பாளர் ஒருவரையும் அவருக்கு மாற்று ஒருவரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பதிவுகளைத் தகுந்த நிபந்தனைகளோடு ஏற்கத் தமிழ் நூலகங்கள் முன்வர வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. அடுத்த வெள்ளத்தில் தெருக்கள் பேசப்போவதை, இந்த முறையாவது பதிவாக்கி வைப்போம்.